பத்துக்கு நாலு

மாவு மில்லில் வரிசையில் நின்றபோது போன் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ரஹ்மத் டீச்சருடைய எதிர்வீட்டுப் பெண் பேசினாள். "டீச்சர் மௌத்தாயிட்டாவ. விடியக்காலம் தொழுதுட்டு நாற்காலியிலயே உக்காந்திருந்தாவ. டீ கொண்டு போனேன், எழுப்ப முடியல" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் போனில், "மூச்சு வாங்குதே அக்கா, நான் வரட்டுமா?" என்று கேட்டிருந்தேன். "லேசாத்தான் ஏட்டி. நீ வந்து என்ன செய்யப்போற? உன் சோலியப் பாரு" என்று வைத்துவிட்டார். எது வந்தாலும் அவருக்கு லேசுதான். மாவை மில்லிலேயே மறந்துவிட்டு ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

அவரிடம் கணக்குப் படித்த உங்களுக்கு அவருடைய மார்க்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் கணக்கு, நான் அறிவியல். இருபத்து நான்கு வருஷம் ஒரே ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒருமுறை ஒரு பெண்ணின் தாய் பேப்பரைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார். "எம்புள்ள எல்லாக் கணக்கையும் சரியாத்தான போட்டிருக்கா? பத்துக்கு ஒம்போதரை போட்டிருக்கீய. அரை மார்க் எங்க போச்சு?" அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அடிக்கோட்ட ஸ்கேல் வச்சுப் போடல" என்றார். அந்த அம்மா போன பிறகு, "போட்டுத் தொலைச்சா என்ன அக்கா? உங்க வீட்டுச் சொத்தா போகுது?" என்று கேட்டேன். "பத்துக்குப் பத்து போட்டா இதுக்கு மேல ஒண்ணு இல்லைன்னு அர்த்தம் ஏட்டி. இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். என் மகள் கல்யாணச் சாப்பாட்டுக்கு ஆறரை போட்டவர் அவர். அந்த அரை ரசத்துக்காம்.

ஓய்வு பெறுவதற்கு முன்பே அவருக்கு மார்பில் புற்றுநோய் வந்து, மதுரையில் அறுவை சிகிச்சை செய்து, முடி கொட்டி, முளைத்து, எல்லாம் முடிந்திருந்தது. முடிந்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆறு வருஷம் கழித்து ஒருநாள் வாசலில் வைத்த தண்ணீர்க் கேனைத் தூக்கியிருக்கிறார். நடு முதுகில் சுருக்கென்று ஏதோ பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தார், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். பத்து நாள் ஆகியும் விடவில்லை.

இந்த இடத்தில் நான் என்னையே திட்டிக்கொள்ள வேண்டும். புற்றுநோய் வந்து போன உடம்பு, நடு முதுகு, விடாத வலி. எலும்பு என்ற எண்ணம் அறிவியல் டீச்சரான எனக்கு வந்ததா? வரவில்லை. செட்டியார்பட்டியில் காலோடு பிறந்த ஒரு அம்மா இருக்கிறார். தலைக்கு முன் கால் வெளியே வந்து பிறந்தவர்கள் முதுகில் மூன்று தடவை காலால் தொட்டால் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. எனக்கே ஒருமுறை விட்டிருக்கிறது. ஆட்டோ வைத்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா வாசலில் நின்று, அக்கா ஆட்டோவை விட்டு இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். குப்புறப் படுக்கச் சொல்லவில்லை. நின்ற நிலையிலேயே முதுகுத்தண்டின் மேல் ஒற்றை விரலை மெல்ல ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார். "தாயி, இதுல நான் கால வைக்க மாட்டேன். இது பிடிப்பு இல்ல. எலும்புல என்னமோ ஆகிப்போச்சு. இம்புட்டு வலிய வச்சுக்கிட்டு எப்படி நடந்து வந்தீய?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "படிச்சவங்கதானே நீங்க? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அன்று அவர் காலைத் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சாதிக் மஸ்கட்டிலிருந்து லீவு போட்டு வந்தான். அக்காவுக்கு ஒரே பிள்ளை. கணவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். பழைய நோய் முதுகெலும்புக்கு வந்து ஒரு எலும்பை அரித்துவிட்டது. கேனைத் தூக்கியது ஒரு சாக்கு, அந்த எலும்பு நனைந்த ரஸ்க் மாதிரி அமுங்கிவிட்டது. டாக்டர் பொறுமையான மனிதர், படத்தைக் காட்டி விளக்கினார். "நரம்பை இன்னும் அமுக்கலம்மா. மாத்திரை, பெல்ட், கரண்ட் வைக்கிறதுன்னு சொல்ற கதிர்வீச்சு, இதெல்லாம் முதல்ல பாக்கலாம். வலி ரொம்ப இருந்தா, ஊசி வழியா அந்த எலும்புக்குள்ள சிமென்ட் மாதிரி ஒண்ணை விட்டு நிரப்பலாம். அது இறுகிட்டா எலும்பு அசையாது, வலி குறையும். நோயை அது குணமாக்காது, வலியைத்தான் குறைக்கும். அதை இப்பவே செய்யணுமாங்கிறதை நீங்கதான் சொல்லணும். உங்க வலிக்கு பத்துக்கு எத்தனை?"

யாரிடம் போய்க் கேட்கிறார் பாருங்கள்!

அக்கா கொஞ்சம் யோசித்தார். விடைத்தாளைப் பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். நாற்காலிக்குப் பின்னால் சாதிக் நின்றான். "நாலு" என்றார். டாக்டர் "நாலு" என்று எழுதிக்கொண்டார். எழுதியதை வைத்து மாத்திரையும் பெல்ட்டும் கொடுத்து, கரண்ட் வைக்க நாள் குறித்து அனுப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அன்று மதுரையிலிருந்து காரில் திரும்பினோம். முன் இருக்கையில் சாதிக், பின்னால் நாங்கள் இருவரும். கிருஷ்ணன்கோவில் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அக்கா என் கையைப் பிடித்தார். சத்தம் மட்டும் போடவே இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் என் மணிக்கட்டில் நான்கு நகமும் பதிந்து கிடந்தன. "இதுக்குப் பேரு நாலா அக்கா?" என்று கையை நீட்டினேன். "நகம் வெட்டணும்" என்றார். இப்படிப் பேசுகிறவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சாதிக் லீவு முடிந்து போனான். அதற்குப் பிறகு இரண்டு மாதம். கரண்ட் வைத்தும் அசைந்தால் வலிப்பது நிற்கவில்லை. நான் வாரத்தில் நாலு நாள் போய்விடுவேன். கட்டிலில் ஒருக்களித்துத் திரும்ப அவருக்கு அரை மணி நேரம் ஆகும். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவார். கேட்டால், "முழுசு போட்டா பொறவு நெசமா வலிக்கும்போது என்னத்தப் போட?" என்பார். தும்மல் வந்தால் தலையணையைக் கடித்துக்கொள்வார். ஒன்றே ஒன்றுதான் அவரை உருக்கியது. நிமிர்ந்து உட்கார முடியவில்லை, அதனால் படுத்தபடியே தொழுதார். "முடியாதவங்க படுத்துத் தொழலாம்னு இருக்குல்ல அக்கா?" என்றேன். "இருக்கு. அல்லாஹ் ஏத்துக்குவான். எனக்குத்தான் மனசு ஒப்பல. மல்லாந்து கிடந்து விட்டத்தப் பாத்துக்கிட்டு பேசுறாப்புல இருக்கு. உக்காந்து தொழுதாப் போதும் ஏட்டி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பப் பார்த்தார், திருப்ப முடியவில்லை. அவ்வளவு ஆசையை மனசில் வைத்துக்கொண்டு மார்க்கை மட்டும் கூட்டவே மாட்டேன் என்று கிடந்தார்!

அடுத்த முறை, சாதிக் மறுபடி லீவில் வந்து மதுரைக்குப் போனபோது, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம். நான் ஒரு முடிவோடு போயிருந்தேன். டாக்டர் அறைக்குள் போனதும், "தம்பி, நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வா" என்று சாதிக்கை வெளியே அனுப்பினேன். டாக்டர் கேட்டார், "இப்ப எத்தனைம்மா?"

"அஞ்சு" என்றார் அக்கா.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "டாக்டர், இவங்க பேச்ச நம்பாதீங்க! இவங்க இதுவரைக்கும் ஒரு புள்ளைக்குப் பத்து போட்டதில்ல. எம்மக கல்யாணச் சாப்பாட்டுக்கே ஆறரை போட்டவங்க. இவங்க அஞ்சு போட்டா அது ஒம்போதுன்னு எழுதிக்கோங்க!" என்று கத்திவிட்டேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மார்க் வேண்டாம்மா. வலியால உங்களுக்கு எது செய்ய முடியல? அதைச் சொல்லுங்க."

அக்கா வாயைத் திறந்தார். "உக்காந்து தொழ முடியல" என்றார். அதற்குள் கண்ணீர் கொட்டிவிட்டது. அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, கணவர் போனபோதுகூட என் எதிரில் அழுததில்லை. நானும் அழுதேன். டாக்டர் மறுபடி ஸ்கேன் எழுதிக் கொடுத்தார், அந்த வாரத்திலேயே நாள் குறித்தார்.

குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, திரையில் பார்த்துக்கொண்டே எலும்புக்குள் ஊசியை இறக்கிச் சிமென்ட்டை விட்டார்கள். நாங்கள் வெளியே டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை. மறுநாள் காலையில் அக்கா கட்டிலில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாதிக் வாசலிலேயே நின்றுவிட்டான். டாக்டர் வந்து, "இப்ப எத்தனைம்மா?" என்றார். "ரெண்டு" என்றார் அக்கா. முகத்தைப் பார்த்தேன், இந்த முறை பொய் இல்லை.

டாக்டரும் சாதிக்கும் போன பிறகு என் காதருகில் குனிந்தார். "ஏட்டி, முன்னாடி ஒம்போது" என்றார்.

அவரை அடிக்கத்தான் கை வந்தது எனக்கு. "அடப்பாவி அக்கா! ரெண்டு மாசம்! பொறவு ஏன் நாலுன்னு சொன்னீங்க?"

"சாதிக் பின்னாடி நின்னான்ல. ஒம்போதுன்னு அவன் காதுல விழுந்தா, வேலைய விட்டுட்டு எங்கூடவே உக்காந்திருவான். இந்த வேலை கெடைக்கவே அவன் எம்புட்டு அலைஞ்சான்."

"ரெண்டாந்தடவ அவனத்தான் வெளிய அனுப்பிட்டனே!"

"நீ கதவச் சாத்தலயே ஏட்டி."

இதுதான் உங்கள் ரஹ்மத் டீச்சர். மார்க்கில் கறார் என்றுதான் இத்தனை வருஷம் நானும் நினைத்திருந்தேன். பிள்ளைக்காக மார்க்கையே மாற்றிப் போட்டுவிட்டார்.

சாதிக் மறுபடி மஸ்கட்டுக்குப் போனான். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அக்கா இருந்தார். நோய் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருந்தது, டாக்டர் முன்பே சொன்னதுபோல. ஆனால் அத்தனை நாளும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஐந்து வேளையும் தொழுதார். இரண்டு தடவை ராஜபாளையம் வந்து என் வீட்டில் சாப்பிட்டார். இரண்டு தடவையும் ஆறுதான் போட்டார்.

அக்கா இறந்த அன்று தகவல் போய், சாதிக் வந்து சேர மறுநாள் காலை ஆகிவிட்டது. அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிய பிறகு, நான் இருந்த இடத்துக்கு வந்து தரையில் உட்கார்ந்தான். "டீச்சர், நீங்கதான் கூடவே இருந்தீய. நெசத்தச் சொல்லுங்க. அந்த ரெண்டு மாசமும் அம்மாவுக்கு ரொம்ப வலிச்சுதோ? நான் கேட்டப்பல்லாம் நாலு, நாலுன்னுதான் சொன்னாவ" என்றான். ஒன்பது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. "நாலுதான் தம்பி" என்றேன். அவன் ஒரு பெரிய மூச்சு விட்டான். எதற்காக அந்த மனுஷியை ஒரு வருஷமாகத் திட்டினேனோ, அதையே நானும் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

உங்களில் ஒவ்வொருவரிடமும் அவர் பிடுங்கிக்கொண்ட ஒரு அரை மார்க் இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது அவர் மேல் உள்ள எரிச்சல். அதை நான் ஆற விடப்போவதில்லை. இப்போது எங்கள் தெருவில் யாருக்காவது துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனால், பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு, வலி எவ்வளவு என்று மறுபடி கேட்கச் சொல்கிறேன். முதலில் சொன்ன எண்ணையே இரண்டாம் தடவையும் சொன்னவர்கள் குறைவு.

சாதிக், நீ இதைப் படிப்பாய். அன்று உன்னிடம் நான் பொய் சொன்னேன். ஒன்பது, தம்பி. நாளைக்கு உனக்கு எங்கேயாவது வலித்து, எத்தனை என்று யாராவது கேட்டால், உன் மகள் பின்னால் நின்றாலும் உள்ளதைச் சொல்.