பறக்கும் வீரனுக்கு ஒரு வாய்ச் சோறு

எண்பதுகளில் ஸ்ரீரங்கத்திலிருந்து நான் வேலைக்குப் போன டவுன் பஸ்ஸின் கண்டக்டர், நரைத்த மீசைக்காரர். பறக்கும் வீரன் ஒருவனின் காமிக்ஸ் இதழ் அவர் தோல்பையில் எப்போதும் இருக்கும். அதை எழுதுபவர் மாறுகிறார் என்ற அறிவிப்பு வந்த நாளில் முகமெல்லாம் சிரிப்பு.

"பழைய ஆளு பத்து வருஷமா இவனை ஒரு வாய் சாப்பிட விடலைங்க. புது ஆளாவது விடணும்."

புதியவர் முதல் இதழிலேயே வீரனை இலை போட்டு உட்கார வைத்துவிட்டார். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, "சந்தோஷம்தானே?" என்று கேட்டேன்.

"என்னங்க சந்தோஷம்? இவன் சாப்பிட உக்காந்துட்டா ஊரை யாரு காப்பாத்தறது?"

பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அடுத்த இதழுக்கும் கடையில் சொல்லி வைத்தார். எந்த எழுத்தாளரால் அவரைத் திருப்திப்படுத்தியிருக்க முடியும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.