திருநீறு போட்டுத் தேய்த்த நாணயங்கள்

பிராங்பேர்ட் நாணயக் கடைக்காரர் முதலில் தன் விரலில் ஒட்டிய வெள்ளைத் தூளைத்தான் பார்த்தார்.

அம்மாவின் பழைய இலங்கை வெள்ளி நாணயங்கள். நல்ல விலை போகட்டும் என்று குத்துவிளக்கைப்போல் திருநீறு போட்டுத் தேய்த்து அனுப்பியிருந்தார்.

“தேய்த்ததால் பழைய நாணயம் என்ற மதிப்புப் போய்விட்டது. இனி வெள்ளி விலைதான்,” என்றார் கடைக்காரர்.

“பரவாயில்லை, குடுப்பம்,” என்றான் அண்ணா.

அவன் வென்ற காசு இணையப் பந்தயத் தளமொன்றில் முடங்கிக் கிடக்கிறது. இன்னும் காசு கட்டினால்தான் அதை விடுவார்களாம்.

“போன மாதமும் இதைத்தானே சொல்லிக் கட்டினனீ?” என்று கேட்டேன்.

“உனக்கென்ன தெரியும்? பள்ளிக்கூடத்தை இடையில விட்டனீ.”

அந்நியரோடு பேச எனக்குக் கூச்சம். ஆனாலும் கடைக்காரரிடம், “நாங்கள் விற்கவில்லை,” என்று ஜேர்மன் மொழியில் சொன்னேன்.

நாணயங்களை அள்ளிக்கொண்டு தனியாக ரயிலேறினேன்.