சிலுவை போட்ட முட்டைகள்

எங்கள் வீட்டில் முட்டைகள் இரண்டு வகை. திங்கள் முதல் சனி வரை கோழி இட்டவை எங்களுடையவை. ஞாயிற்றுக்கிழமை இட்டவை கர்த்தருடையவை. அப்பா சபையின் உபதேசியார். ஊருக்கு முன்மாதிரியாக இருக்கவேண்டிய வீடு. அதனால் ஓய்வுநாளில் கிடைக்கும் முட்டையை எடுத்த கையோடு அதன்மேல் அடுப்புக்கரியால் ஒரு சிலுவை போட்டுத் தனிச் சட்டியில் வைத்துவிடுவோம். அடுத்த ஞாயிறு அது காணிக்கையாகக் கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் வாழைக்குலை, தேங்காய், கருப்பட்டியோடு அதையும் அப்பா ஏலம் விடுவார். சிலுவை போட்ட முட்டையைத் தின்றவனுக்கு என்ன ஆகும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாததனாலேயே எனக்குப் பயம் அதிகம். எட்டு வயதில், சிலுவை போடும் வேலை என்னுடையதாக இருந்தது.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் போனபின் எங்கள் வீட்டில் வளர்ந்தவர். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர், மார்த்தாண்டத்தில் கோழி வளர்ப்பு சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து ஒரு மரப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். இரண்டு பலகைகளுக்கு இடையில் மரத்தூள் அடைத்த பெட்டி அது. உள்ளே ஒரு தண்ணீர்த் தகரம், வெளியே அதைச் சூடாக்க மண்ணெண்ணெய் விளக்கு, முன்னால் எட்டிப் பார்க்க உள்ளங்கை அகலக் கண்ணாடி. கூடவே வெள்ளைச் சீமைக்கோழியின் முட்டைகள் இருபதும் வைக்கோலில் பொதிந்து வந்தன.

"கோழி இல்லாம குஞ்சு பொரிக்கப் போறாராம் உன் தம்பி. நாளைக்கு மாடு இல்லாம பால் கறப்பாரு," என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

கேலியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கொழும்பில் கடை வைத்திருந்த சொந்தக்காரர் ஒருவர் மாமாவை அனுப்பச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார். அதற்கென்று அப்பா ஒரு புதுக் குடைகூட வாங்கிக் கொடுத்திருந்தார். "இருபத்தொரு நாள் தாறேன்டே. பொரிச்சா இங்கயே இருந்து கோழி வளத்துக்கோ. இல்லேன்னா கப்பல் ஏறணும். பொறவு ஒண்ணும் பேசப்பிடாது," என்றார். எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்களைவிட வராதவர்களே அதிகம். அம்மா அடுக்களைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் கருப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தாள். கருப்பி எங்கள் நாட்டுக்கோழி. அப்போது அடை கிடப்பதற்குக் கொக்கரித்துக்கொண்டு திரிந்தது.

"உன் பெட்டியும் எங் கருப்பியும் ஒரே நாள் இருக்கட்டும்டே. யாரு செயிக்கான்னு பாப்போம்."

அப்படியே அந்தத் திங்கட்கிழமை மாமா பெட்டியில் விளக்கேற்றினார். அம்மா அடுக்களை மூலையில் உமி பரப்பிய பனையோலைக் கடவத்தில் எட்டு நாட்டு முட்டைகளை வைத்துக் கருப்பியை அதன்மேல் உட்கார்த்தினாள். கருப்பி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மாமாவுக்குத்தான் உட்கார நேரமில்லை. திரியை ஏற்றுவார், இறக்குவார், ஒரு முட்டையை எடுத்து மூடிய கண்ணிமையில் ஒற்றிச் சூடு பார்ப்பார். பெட்டி இருந்த மாமாவின் அறைக்குள் எனக்கு அனுமதி கிடையாது. ஊரிலுள்ள எல்லாக் கதவிடுக்கும் என் மூக்குக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டாம் ஞாயிறு காலை, பாடகர் குழுவில் பாடுகிற மாமா சீக்கிரமே கோயிலுக்குப் போய்விட்டார். பாய் விரிக்க அம்மாவும் முன்னால் போய்விட்டாள். காணிக்கைக் கூடையை எடுத்துக்கொண்டு வருவது என் பொறுப்பு. அறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் கண்ணாடியில் முகத்தை வைத்தேன்.

உள்ளே இருபது முட்டைகள். இருபதிலும் சிலுவை.

மாமா கர்த்தரின் முட்டைகளைத் திருடியிருக்கிறார்! எங்கள் கோழிகள் ஓய்வுநாளில் இரண்டோ மூன்றோதான் இடும். அப்படியானால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாக இந்தத் திருட்டு நடந்திருக்கவேண்டும்? சிலுவை கரியால் இல்லாமல் பென்சிலால் போட்டிருந்தது. படித்தவர் அப்படித்தான் போடுவார் என்று அதற்கும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாமாவை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் நரகத்துக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இருபதையும் கூடையில் அடுக்கித் துணியால் மூடி, ஒன்றும் உடையாமல் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கை மேசையில் வைத்துவிட்டு, சாந்தமாகப் பாயில் உட்கார்ந்தேன்.

அன்று அப்பாவின் பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. மேசையில் குவிந்திருந்த முட்டைகளைப் பார்த்து அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கடைசிப் பாட்டுக்கு எழுந்தபோதுதான் மாமா மேசையைப் பார்த்தார். உச்சத்துக்குப் போன குரல் அப்படியே நின்றது. ஏலம் தொடங்குமுன் முன்னால் ஓடிவந்தார்.

"அத்தான், அது எனக்க முட்டை. பெட்டியில இருந்த முட்டை."

அப்பா முகம் கறுத்துவிட்டது. ஆனால் சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. "மேசையில வச்சது கர்த்தருக்குள்ளது. வேணும்னா ஏலத்துல எடு," என்றார்.

மாமா ஒரு விலை கேட்டார். கொப்பரை வியாபாரி ஒருவர் அதற்குமேல் கேட்டார். உபதேசியாரின் மச்சினன் இந்தப் பாடு படுகிறான் என்றால் முட்டைக்குள் என்னவோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மாமா ஏற்ற, அவரும் ஏற்ற, சபை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கடைசியில் மாமா மழைக்காகக் கொண்டுவந்திருந்த கொழும்புக் குடையை மேசைமேல் வைத்தார். அதற்குமேல் வியாபாரி வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு முட்டையாகக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தார். எல்லாம் கிணற்றுக்கல்போலக் குளிர்ந்திருந்தன. நான் விசும்பிக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் அடிப்பார் என்று காத்திருந்தேன். ஒரு முட்டையைத் திருப்பி என்னிடம் காட்டினார். மறுபக்கம் வட்டம் போட்டிருந்தது.

"இது சிலுவை இல்லட்டி மக்கா. காலையில இந்தப் பக்கம் மேல வரணும், சாயங்காலம் அந்தப் பக்கம். திருப்பி வைக்க மறந்துரப்பிடாதுன்னு போட்ட அடையாளம்."

கர்த்தருக்காகச் செய்த காரியம் என்பதால் அப்பாவால் என்னைத் திட்டவும் முடியவில்லை, மெச்சவும் முடியவில்லை. மாமா மறுபடியும் விளக்கேற்றினார். மறுநாள் அறையை இருட்டாக்கி முட்டைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். என்ன தெரிகிறது என்று கேட்டேன். "ஒண்ணும் அனங்கல்ல, உள்ள அசைவே இல்ல," என்றார். வாசலில் நின்ற அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதன்பிறகு திரியை ஏற்றி இறக்கும் வேகம் மாமாவிடம் இல்லை. காலையும் மாலையும் முட்டைகளைத் திருப்பி மட்டும் வைத்தார்.

இருபத்தோராம் நாள் விடியும்போது அம்மாவின் சத்தம் கேட்டு எழுந்தேன். "பொரிச்சுட்டு! வந்து பாருங்க, பெட்டி பொரிச்சுட்டு!"

எட்டுக் குஞ்சுகள். ஐந்து கறுப்பு, மூன்று தவிட்டு நிறம். உடைந்த ஓடுகளுக்கு நடுவே கீச்சுக்கீச்சென்று முட்டிக்கொண்டு நின்றன. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மாமா குஞ்சுகளைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுகளில் பென்சில் சிலுவை ஒன்றையும் காணோம். சூட்டில் அழிந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் வேறொரு சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் என் வாய் சும்மா இருக்காது.

"மாமா, வெள்ளைக்கோழி முட்டையில கறுப்புக் குஞ்சு எப்படி வரும்?"

அப்பா குனிந்து குஞ்சுகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு அடுக்களை மூலையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். எப்போதும் அவர் முன்னால் தலை குனிகிற அம்மா அன்று குனியவில்லை.

"மண்ணெண்ணெய் விளக்குல்லா," என்றார் அப்பா. "புகை பிடிக்கத்தான் செய்யும்." நிமிர்ந்து மாமாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "கொழும்புக்கு வரலேன்னு எழுதிப் போட்டுருதேன்டே."

உபதேசியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். புகைதானே என்று ஒரு கறுப்புக் குஞ்சைத் துணியில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. கருப்பியின் முட்டைகள் எல்லாம் கூமுட்டையாகிவிட்டன என்று அம்மா சொன்னாள். கடவம் காலியாக முற்றத்தில் வெயிலில் கிடந்தது.

மத்தியானம் மாமாவும் நானும் மட்டும் இருந்தபோது பெட்டிக்குள் மறுபடியும் ஒரு சத்தம். மீதிக் கிடந்த முட்டைகளில் ஒன்று விரிந்து, ஈரத்தோடு ஒரு மஞ்சள் குஞ்சு சரிந்து விழுந்தது. ஓட்டின் ஒரு பாதியில் பென்சில் சிலுவை அப்படியே இருந்தது. மாமா அதை இரண்டு கையாலும் எடுத்து, "அக்கா! அக்கா!" என்று கத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினார். அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். எட்டு வந்தபோது அழாதவர் ஒன்று வந்ததற்கு ஏன் அழுகிறார் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

கருப்பி காலையிலிருந்தே அறை வாசலைவிட்டுப் போகவில்லை. உள்ளே கீச்சொலி கேட்கும்போதெல்லாம் கொக்கொக்கென்று கூப்பிட்டுக்கொண்டு படியில் ஏறியது. விரட்டினால் வீட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வந்தது. போட்டியில் தோற்றுவிட்டு மாமாவின் குஞ்சுகளைக் கொத்தத்தான் வருகிறது என்று எனக்குக் கோபம் பொங்கியது. ஏற்கனவே ஒருமுறை அவர் காரியத்தைக் கெடுத்தவள் நான். இந்த முறையாவது காப்பாற்ற வேண்டாமா? ஒரு கல்லெடுத்துக் குறிபார்த்து எறிந்தேன். கருப்பி அலறிக்கொண்டு காலை இழுத்து இழுத்து ஓடியது.

அம்மா என்னை அடித்தது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். முதுகில் ஓங்கி ஓர் அறை. பிறகு கருப்பியைத் தேடிப் பிடித்து, மடியில் வைத்துக் காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டு, முற்றத்துக் கடவத்தில் புது உமி கொட்டி உட்கார்த்தினாள். மாமாவின் அறைக்குள் போய் ஒன்பது குஞ்சுகளையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து அதன் முன்னால் விட்டாள். கருப்பி சிறகை விரித்து, மஞ்சள் குஞ்சையும் சேர்த்து ஒன்பதையும் உள்ளே வாங்கிக்கொண்டது.

நான் முதுகைத் தடவிக்கொண்டு தூர நின்று பார்த்தேன். தோற்ற கோழிக்கு அத்தனை குஞ்சையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, செயித்தவருக்காகக் கல்லெடுத்த எனக்கு அடி கொடுத்தது என்ன நியாயம் என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.