பெரியப்பாவுக்குக் காதுகுத்து

அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ளாத காலத்தில், இருவருக்கும் நடுவே தூது போகும் வேலை எனக்கு வாய்த்திருந்தது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ஏதாவது விசேஷத்தில் ஒரே பந்தியில் உட்கார நேர்ந்தால், பெரியப்பா என் பக்கம் திரும்பி, “பாப்பா, உங்கப்பன்கிட்ட சொல்லு, கால கொஞ்சம் மடக்கி குந்தச் சொல்லு. ஆளுங்க போறாங்க வராங்க இல்ல” என்பார். ஒரு முழம் தள்ளி இருக்கும் அப்பாவின் காதில் அது விழாமல் இருக்காது. ஆனாலும் நான் திரும்பி, ஒரு சொல் விடாமல் ஒப்பிக்கும்வரை அவர் சாம்பாரையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் காலை மடக்குவார். எனக்கு இதில் பெருமையாக இருந்தது. சொந்தத்தில் வேறு எந்தக் குழந்தைக்கும் இப்படியொரு பதவி இல்லை. கிணறும் மாமரமுமாக இருந்த தாத்தா நிலத்தைப் பிரித்ததில் ஏதோ சண்டை, கடைசியில் அதை விற்றுவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும். அதற்குமேல் தெரிந்துகொள்ள எனக்கும் ஆர்வமில்லை. சண்டை தீர்ந்தால் என் வேலை போய்விடும்.

அவர்கள் இருவருக்கும் ஒரே தங்கை. அத்தையைக் கடப்பாக்கம் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மாமா உப்பங்கழியை ஒட்டி இறால் பண்ணை வைத்திருந்தார். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த பையனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக அத்தை சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பா நாவலூரில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அதே வேனில் நானும் அம்மாவும் அவரும் முந்தின நாள் காலையிலேயே போய் இறங்கினோம். திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊரிலிருந்து பெரியப்பா பஸ்ஸில் வந்தார். எங்கள் வேன் அவர் ஊர்ப் பக்கமாகத்தான் வந்தது. அதை யாரும் பேசவில்லை.

அத்தைக்கு அன்று ஒரு தொல்லை இருந்தது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன்மார் இரண்டு பேர். மூத்தவர் மடியில் உட்கார வைத்தால் அப்பா சாப்பிடாமல் வண்டியை எடுத்துவிடுவார். இளையவர் மடியில் என்றால் பெரியப்பா அந்த வாசலை இனி மிதிக்கமாட்டார். அத்தை சமையல்கட்டில் அம்மாவிடம், “எனக்கு எங்கியாச்சும் ஓடிப்போயிடலாம்னு கீது அண்ணி” என்று சொன்னது எனக்குக் கேட்டது. அதற்காக அவள் ஏன் ஓட வேண்டும், பையனைத் தரையில் உட்கார வைத்துக் குத்தலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை வெளியே வந்து இருவருக்கும் பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னாள்: “பகல் சோத்துக்கு மீன் இல்ல. அவுரு பந்தக்காரனோட மல்லு கட்டிகினு கீறாரு. நீங்க ரெண்டு பேரும் போட்டுல போயி நாலு மடவையாச்சும் புடிச்சிகினு வாங்களேன். பாப்பாவையும் இட்டுனு போங்க.”

எங்கள் குடும்பத்தில் யாரும் மீன் பிடித்ததில்லை. ஏர் பிடித்தவர்கள். ஏரியில் மாடு கழுவியதோடு சரி. ஆனால் தெரியாது என்று முதலில் யார் சொல்வது? பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அதைப் பார்த்து அப்பா சட்டைக் கையை மடித்தார்.

மாமாவிடம் நாலைந்து பேர் உட்காரக்கூடிய சின்ன ஃபைபர் படகு ஒன்று இருந்தது. சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்க வரும் யாரோ விட்டுவிட்டுப் போயிருந்த, சக்கரம் வைத்த தூண்டில் கம்பு ஒன்றையும் அப்பாவிடம் கொடுத்தார். பெரியப்பாவுக்குக் கையில் சுற்றிய வெறும் தூண்டில் நரம்பும் முள்ளும்தான். முன்னால் பெரியப்பா, பின்னால் அப்பா, நடுவில் அப்பாவைப் பார்த்தபடி நான். ஆளுக்கொரு துடுப்பு கொடுத்துவிட்டு மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பந்தல்காரர் கூப்பிட, ஓடிவிட்டார்.

இருவரும் துடுப்புப் போட்டார்கள். படகு கொஞ்ச தூரம் அழகாகப் போனது. பிறகு நின்றது.

“பாப்பா, உங்கப்பன்கிட்ட சொல்லு. பின்னால சும்மா தண்ணிய கலக்கினு இருந்தா போட்டு போவாது, நல்லா இழுக்கச் சொல்லு.”

சொன்னேன். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. “முன்னால குந்திகினு வேடிக்க பாத்தா எப்டி போவும்னு கேளு.”

கேட்டேன். பெரியப்பா முழங்காலில் நின்று போட ஆரம்பித்தார். அப்பாவும் விடவில்லை. தண்ணீர் என் பாவாடையெல்லாம் தெறித்தது. படகு ஒரு அடி முன்னே போகும், பின்னாலேயே திரும்பி வரும். தண்ணி எதிர்ப்பக்கமாக இழுக்கிறது என்று அப்பா என் மூலமாகத் தெரிவித்தார். அது எங்களுக்கும் தெரியும் என்று பெரியப்பா என் மூலமாகவே பதில் அனுப்பினார். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் படகிலிருந்து கரையோரச் சவுக்குக் கட்டைவரை ஒரு கயிறு விறைத்து நின்றதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேய விடும் மாட்டை முளையில் கட்டுவதுபோல, படகு தொலைந்து போகாமலிருக்க இப்படித்தான் கட்டுவார்கள்போல என்று இருந்துவிட்டேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. என் வேலை கேட்டதைச் சொல்வது.

கரையோரம் இடுப்பளவு தண்ணீரில், பறிக்கூடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர்களில் மூத்தவள் பொறுக்காமல், “அண்ணாத்த, அந்தக் கயித்த அவுத்துட்டா இன்னும் கொஞ்சம் வேகமா போவும்” என்றாள்.

அப்பா திரும்பிப் பார்த்தார். பெரியப்பாவும் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்ணே தண்ணீரில் நடந்துபோய் முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டிப் படகுக்குள் போட்டாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவளோ முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அதன்பிறகு நடுக்கழி வரும்வரை எனக்கு வேலையே இல்லை.

அங்கே காற்று இதமாக இருந்தது. தூரத்தில் இடிந்த கோட்டைச் சுவர் தெரிந்தது. பெரியப்பா முள்ளில் இறால் துண்டைக் குத்தி, சத்தமில்லாமல் தண்ணீரில் விட்டுவிட்டு உட்கார்ந்தார். அப்பாவுக்குக் கையில் சக்கரம் வைத்த கம்பு இருக்கும்போது அப்படி உட்கார மனம் வரவில்லை. எழுந்து பின்பக்கம் திரும்பி நின்றார். தூரமாக வீச வேண்டும் என்று கம்பைத் தோளுக்குமேல் பின்னால் ஓங்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெரியப்பா குனியவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முள் எங்கோ மாட்டிக்கொண்டது என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் திரும்பிப் பார்க்காமல், வெடுக்கென்று இன்னொரு இழுப்பு இழுத்தார்.

“அய்யோ! ஆட்டாதடா பாவி! ஆட்டாதடா!”

அப்பா திரும்பினார். பெரியப்பாவின் இடது காது மடலில் முள் ஏறியிருந்தது. அதில் குத்தியிருந்த இறால் ஜிமிக்கி மாதிரி ஆடியது. “அண்ணாத்த!” என்று அலறிக்கொண்டு அப்பா கம்பைக் கீழே விட்டார். அது படகில் விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீரில் விழுந்தது. சக்கரத்தின் கனத்தில் கம்பு முழுகப் போக, நரம்பு விறைத்து, பெரியப்பாவின் தலை அது போகும் பக்கமே சாய்ந்தது. “இழுக்குதுடா, இழுக்குதுடா” என்று கத்திக்கொண்டே நரம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்பா என்னைத் தாண்டிக் குதித்ததில் படகு ஒருபக்கம் சாய்ந்து, நான் அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். அறுக்கக் கத்தி இல்லை. அப்பா ஒரு கையால் பெரியப்பாவின் தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, வாயைக் காதருகே கொண்டுபோய், நரம்பைப் பல்லால் கடித்தார்.

அது சட்டென்று அறுபடவில்லை. அப்பா கடித்துக்கொண்டே இருந்தார். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். பெரியப்பாவின் கை அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பற்றியிருந்தது. கரையிலிருந்து அந்த இரண்டாமவள், “இன்னா அவ்ளோ ரகசியம்?” என்று குரல் கொடுத்தாள்.

நரம்பு அறுந்தது. சென்னைக்காரர் கம்பு போய்ச் சேர்ந்தது. இனி இவர்கள் நேராகவே பேசிக்கொள்வார்கள், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். இருவரும் சற்று நேரம் மூச்சு வாங்கினார்கள். பிறகு, அப்பாவின் முகத்துக்கு எதிரிலேயே முகத்தை வைத்துக்கொண்டு பெரியப்பா சொன்னார்:

“பாப்பா, ரத்தம் வருதான்னு உங்கப்பன பாக்கச் சொல்லு.”

எனக்கு உயிர் வந்தது.

மாமாவின் பைக்கில், அப்பா ஓட்ட, பெரியப்பா பின்னால் இறாலோடு உட்கார, நடுவில் நான் நசுங்கியபடி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த நர்ஸ் முதலில் இறாலை எடுத்துக் குப்பையில் போட்டார். மடலில் மரத்துப்போக ஊசி போட்டு, முள்ளை மறுபக்கமாகத் தள்ளி, கூர் முனையை வெட்டி உருவினார். கட்டுப் போடும்போது, “யாரு இப்டி பண்ணது?” என்று கேட்டார்.

“எந்தம்பிதாம்மா” என்றார் பெரியப்பா.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ‘உங்கப்பன்’ என்றுதான் எப்போதும் சொல்வார். அப்பா சட்டென்று எழுந்துபோய் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு விளம்பரத்தை வெகு கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். பெரியப்பா அப்பாவை நர்ஸிடம் மாட்டிவிடுகிறார் என்று எனக்குக் கோபம். அப்பா பாவம், வேண்டுமென்றா செய்தார்?

மத்தியானம் அத்தை வீட்டில் மீன் குழம்பு இல்லை, கத்திரிக்காய்தான். நடந்ததைக் கேட்டு அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. கயிறு அவிழ்த்த பெண் சாயங்காலம் ஒரு கூறு இறால் கொண்டுவந்து கொடுத்து, பெரியப்பாவின் கட்டை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அம்மன் கோயில் வாசலில் பையனுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசினார்கள். கம்பியைத் துடைத்துக்கொண்டே, காது குத்த வந்த பத்தர், “தாய்மாமன் யாருப்பா? புள்ளய மடியில வாங்கு” என்றார். அத்தை பையனைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. அப்பா கோயில் மணியைப் பார்த்தார். மேளக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார். பெரியப்பா போய் மணையில் உட்கார்ந்து கையை நீட்டினார். அப்பா செருப்பு விட்ட பக்கம் இரண்டு அடி நகர்ந்ததை அம்மா பார்த்தாள். நானும் பார்த்தேன்.

“பாப்பா” என்றார் பெரியப்பா. “உங்கப்பன இப்டி பக்கத்துல வந்து குந்தச் சொல்லு. புள்ள கால ஒதைக்கறான். எனக்கு காது வேற வலிக்குது. ஒருத்தனால புடிக்க முடியாது.”

நான் சொல்லப் போவதற்குள் அப்பா வந்துவிட்டார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கவே இல்லை. தலை பெரியப்பா மடியிலும் கால் அப்பா மடியிலுமாகப் பையன் அலறினான். “மாமனுக்கு நேத்தே குத்தியாச்சி, இப்ப மருமவனுக்கு” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். காது குத்தியது பையனுக்குத்தானே, இவள் எதற்கு அழுகிறாள் என்று இருந்தது.

திரும்பும்போது பெரியப்பா எங்கள் வேனில் ஏறிக்கொண்டார். யாரும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. அப்பா கதவைத் திறந்து வைத்திருந்தார், அவர் ஏறினார். மாமல்லபுரம்வரை நான் அவர் காதுக் கட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். அங்கிருந்து உள்ளே திரும்பி அவர் ஊரை நெருங்கும்போது, “பாப்பா, கொஞ்சம் மெதுவா போவச் சொல்லு” என்றார். நான் சொன்னேன். அப்பா மெதுவாகப் போகவில்லை. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தியேவிட்டார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் பொட்டல். நெடுகச் சிவப்பும் வெள்ளையும் அடித்த கற்கள் நட்டிருந்தன. கட்டம் கட்டமாகக் கயிறு பிடித்திருந்தார்கள். நடுவில் ஒரு பழைய கிணறு, அதன் விளிம்பில் ஒரு மாமரம். வீடு ஒன்றும் இன்னும் எழும்பவில்லை. பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, அவரும் அதையே பார்த்தார். அம்மா தூங்குவதுபோல இருந்தாள்.

எனக்குப் பசி. வீடு போய்ச் சேர இன்னும் எவ்வளவு நேரமோ. அப்பா வழியில் வண்டியை நிறுத்துவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் என்பது எனக்குத் தெரியும்.

“யாருக்கு ஒண்ணுக்கு வருது?” என்று கேட்டேன்.

“யாருக்கும் இல்ல” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

யாருக்கும் வரவில்லையென்றால் எதற்கு இவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று நினைத்து நினைத்துப் பார்த்து, அலுத்து, பெரியப்பாவின் தோளிலேயே தூங்கிப்போனேன்.