கோவை இலைக்குப் போகாத கோடுகள்

விழுப்புரத்தில் நாங்கள் இருக்கும் வீட்டின் சிமெண்டுத் தரையில் என் மகள் சாக்பீஸால் எதையாவது வரைந்து “இது நான்” என்பாள். “அப்புறம்?” என்று கேட்க வாயெடுப்பேன், நிறுத்திக்கொள்வேன். குழந்தையைப் பேசவிட வேண்டும் என்று படித்தவள்தான். ஆனாலும் அந்த ஒரு சொல்லைக் கேட்கலாமா கூடாதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

என் சின்ன வயதில் திண்டிவனத்துக்குப் பக்கத்தில், பெருமுக்கல் மலை தெரியும் ஊரில் இருந்தோம். நான் ஒன்றாம் வகுப்பு. அப்பா பரணிலிருந்து ஒரு கல்பலகையை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். சட்டத்தில் ஒரு மூலை உடைந்திருந்தது. வீட்டில் நான் ஒரே பிள்ளை. இது யாருடைய பலகை என்று கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் டீச்சர் எழுத்துக்கு முன்னால் படம் போடச் சொல்வார். “இதுல நீ எங்க இருக்கே? ‘நான்’னு ஆரம்பிச்சி சொல்லு” என்பார். எல்லோரும் சொல்வார்கள். நான் வாய் திறக்க மாட்டேன்.

வேலியில் படரும் கோவை இலையைக் கசக்கிப் பலகையைத் தேய்த்தால் எழுத்தெல்லாம் போய்விடும். என் பலகையில் சில கோடுகள் மட்டும் போகவில்லை. யாரோ ஆணியால் கீறியவை. பலப்பத் தூள் ஏற ஏற, அவை நாளுக்கு நாள் வெளுத்து மேலே வந்தன. முதலில் ஒரு மலை. பிறகு அதன் உச்சியில் கோயில். அடிவாரத்தில் பாவாடை கட்டிய ஒரு சிறுமி. அவளுக்கு முகம் இல்லை. நான் கண்ணும் மூக்கும் வைத்தேன். “இது நான்” என்றேன். அதன்பிறகு பேச்சு தானாக வந்தது.

ஒரு மத்தியானம் கிணற்றடியில் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். “நான் மலைக்குப் போய்க்கினு இருக்கேன். அம்மா பின்னாடி வருது. நான் முன்னாடியே ஓடிட்டேன்.”

அம்மாவின் கையிலிருந்த முறம் விழுந்து மல்லாட்டைக் கடலை சிதறியது.

“யாருடி சொன்னாங்க உனக்கு?”

“படத்துல இருக்குதும்மா.”

அன்று அப்பாவோடு சண்டை. “அதைப் போயி எடுத்துக் குடுத்துகினு... எப்படிங்க மனசு வந்துச்சி?” என்றாள் அம்மா. “எத்தினி நாளு பரண்மேலயே வெச்சிருக்கறது?” என்றார் அப்பா. பலகை அரிசிப் பானைக்குப் பின்னால் போயிற்று. எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் அம்மாவே அதை எடுத்து என் மடியில் வைத்தாள். “அப்புறம் என்ன பண்ணே, சொல்லு.”

அம்மா அதற்குமுன் என் எதிரில் அப்படிச் சும்மா உட்கார்ந்ததே இல்லை. தினமும் மத்தியானம் உட்கார்ந்தாள். ஊரே கார்த்திகை தீபத்துக்கு மலையேறும். எங்கள் வீட்டில் மட்டும் போவதில்லை. ஆகவே நானாகக் கற்பனை செய்தேன். குரங்குக்குப் பொரி போட்டேன் என்றேன்.

“ஆமா, பொரி வாங்கிக் குடுத்தேன்” என்றாள் அம்மா.

எனக்கு யாரும் பொரி வாங்கித் தரவில்லை. ஆனாலும் அம்மா சொன்னதால் தலையாட்டினேன்.

ஒருநாள் கோயிலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வட்டம் வெளுத்து வந்தது. என்னவென்று கேட்டேன். அம்மா உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டாள். “அது வேணாம். அப்புறம்?”

கதை தீர்ந்தால் எழுந்து போய்விடுவாளே என்று பயமாக இருந்தது. அவசரமாக ஒரு வீடு வரைந்தேன். கதவைத் திறந்து வைத்தேன்.

“அப்புறம் நான் எறங்கி வூட்டுக்கு வந்துட்டேம்மா.”

“வந்துட்டியாடி?” அம்மா என்னை இழுத்து விலா நோக அணைத்தாள். “ஏண்டி இம்மாம் நேரம்?”

மறுநாள் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “போதும். போயி எழுத்து எழுது” என்றாள். அதன்பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. எங்கே தப்பாகச் சொன்னேன் என்று வெகுநாள் யோசித்தேன்.

மலைமேல் ஒரு சுனை உண்டு என்பதையும், எனக்கு முன் பிறந்த அக்கா அதில் வழுக்கி விழுந்து திரும்பாமலே போனதையும், என் மகள் வயிற்றில் இருந்தபோதுதான் அத்தை சொன்னாள்.

கதையில் ஒரு தப்பும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்தது நான் இல்லை என்பதுதான் எனக்குத் தெரியாது.