மாடு முட்டவில்லை

எங்கள் வெள்ளை எருது என்னை முட்டவே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாவம், வாயில்லா ஜீவன் மேல் வருஷக்கணக்கில் பழி கிடந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் என் இடது மார்க்காம்புக்குப் பின்னால் புளியங்கொட்டை மாதிரி ஒரு கட்டி வந்தது. கரும்பின் காய்ந்த சோகை கிழித்த வீக்கம் என்று விட்டுவிட்டேன். காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு நீர் கசிந்த பிறகுதான் வேலூருக்குப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கப் பெண்கள். நர்ஸ் என் மனைவியைத்தான் உள்ளே கூப்பிட்டாள். அவள் என்னைக் கைகாட்டியதும் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய் என்றார் டாக்டர். ஆம்பளைக்கா என்று கேட்டேன். உங்களுக்கும் மார்பு இருக்கிறதே என்றார். ஒரு பக்கத்தை அடியோடு எடுத்துவிட்டார்கள்.

நான் ஊர் திரும்புவதற்குள் பாவா, அதாவது என் அக்காள் புருஷன், முந்திக்கொண்டார். மாடு முட்டிக் கிழித்துவிட்டதாக டீக்கடையில் சொல்லிவைத்திருந்தார். பொம்பளை வியாதி வந்த ஆம்பளை வீட்டில் எவன் பெண் எடுப்பான் என்பது அவர் கவலை. பார்க்க வந்தவர்கள் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். கொம்பைப் பிடித்த வீரன் ஆகிவிட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்ட் என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு வைத்துத் தோல் கருகி, சோறு இறங்காமல் கிடந்து, மறுபடி எழுந்து கழனிக்குப் போய் மடை திருப்பினேனே, அது என்ன கணக்கு? மாடு கொடுத்தால்தான் தழும்பா? ஆனாலும் வீட்டில் இருந்த என் பெண்ணை நினைத்து அந்தப் பொய்யை மறுக்காமல் விட்டேன்.

சில வருஷம் கழித்து அவளுக்குப் பொதட்டூர்பேட்டைப் பக்கம் நல்ல இடம் அமைந்தது. திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சத்திரத்தில் கல்யாணம். தாரை வார்க்கும்போது பெண்ணைப் பெற்றவன் சட்டையில்லாமல் உட்காருவது எங்கள் வழக்கம். அன்று காலை பாவா வந்து, உனக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிடலாம், உன் அண்ணன் உட்காரட்டும் என்றார். நான் பெற்ற பெண்ணை இன்னொருத்தன் தாரை வார்ப்பதா? நேரே அவளிடமே போய்க் கேட்டேன். யாராவது தழும்பைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன், அதனால் கல்யாணம் நின்றாலும் நிற்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. வளையலை ஏற்றிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"நீ குந்தலன்னா நானும் குந்த மாட்டேன், நைனா."

சட்டையைக் கழற்றினேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தேன். இடது பக்கம் அக்குள் வரைக்கும் வெறும் கோடு. எதிரே இருந்த சம்பந்தி அதையே பார்த்தார்.

"மாடு பலமா முட்டிகீது போலக்குதே."

பின்னால் நின்ற பாவா என் தோளை அழுத்தினார். கையைத் தட்டிவிட்டேன்.

"மாடு முட்டலீங்க. மார்ல கேன்சர். பொம்பளைங்களுக்கு வருமே, அதேதான். அறுத்துட்டாங்க. உசுரோட கீறேன்."

சம்பந்தி தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் என் தழும்பை ஒருதரம் பார்த்துவிட்டு, முகூர்த்தம் தப்பிவிடப் போகிறது, ஆக வேண்டியதைப் பாருங்கள் என்று புருஷனை அதட்டினாள். என் மனைவி தண்ணீர் ஊற்ற, என் பெண்ணின் கையை நானே பிடித்துக் கொடுத்தேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனேன். மாப்பிள்ளையின் சித்தப்பா பின்னாலேயே வந்து குழாயடியில் நின்றார். கட்டுமஸ்தான ஆள். குழாயைத் திறக்கவில்லை.

"அண்ணா, அது ஆரம்பத்துல வலிக்குமாங்க?"

வலிக்காது என்றேன். அவர் கை மெதுவாகச் சட்டைக்குள் போய், மார்க்காம்புக்குப் பக்கத்தில் நின்றது. பாவா பேச்சைக் கேட்டிருந்தால் இந்த மனுஷனுக்கும் ஒரு மாட்டுக் கதையைச் சொல்லி அனுப்பியிருப்பேனே என்று நினைத்ததும் எனக்குக் கோபம் பொங்கியது.

நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் வேலூர், நானும் கூட வருகிறேன் என்றேன். வீட்டில் என்ன சொல்வது என்று முழித்தார்.

"கேன்சரான்னு பாக்கப் போறேன்னே சொல்லுங்க. மாட்டு மேல மட்டும் பழியப் போடாதீங்க."