ஆறாம் நம்பர் ராடும் என் சம்பந்தியும்

என் மகனும் அவருடைய மகளும் கல்யாணம் செய்துகொண்டு கனடாவுக்குக் குடிபோனார்கள். மலாக்காவில் மிச்சம் நின்றவர்கள் நாங்கள், இரு வீட்டுப் பெற்றோர். பெண்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் சிநேகிதிகளாகிவிட்டார்கள். ஆண்களுக்குத்தான் பேச எதுவும் கிடைக்கவில்லை.

நான் ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவன். பத்து பெரண்டாம் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, சூப்பர்வைசராகி ஓய்வு பெற்றவன். சம்பந்தி யாழ்ப்பாண வம்சம். பாச்சாங்கில் அப்பா காலத்திலிருந்தே சொந்த வீடு, ஆபீசில் கணக்குப் பிரிவு வேலை, கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. நிச்சயதார்த்தத்தன்று அவருடைய சொந்தக்காரர் ஒருவர் "எந்த எஸ்டேட்?" என்று கேட்ட தொனியில், கையில் இன்னும் பால்வாளி இருக்கிறதோ என்று நானே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன். சம்பந்தி அப்படிப்பட்டவர் இல்லை. இந்த மாதிரி எண்ணங்களை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் நாகரிகம் உள்ளவர்.

எங்களைப் பேச வைத்தது ஒரு மீன். பிள்ளைகள் இருப்பது கனடாவின் மேற்குக் கரையில், ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன ஊர். அந்த ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிடத் திரும்பி வரும் ட்ரவுட் மீனுக்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். இரும்புத் தலை. எங்கள் இரண்டு குடும்பங்களிலும் அந்தப் பெயருக்குப் பொருத்தமானவர்கள் தாராளமாக உண்டு. குளிர்காலக் கடைசியில் வாருங்கள், மீன் பிடிக்கலாம் என்று மகன் கூப்பிட்டான். சின்ன வயதிலிருந்தே எனக்குத் தூண்டில்தான் உயிர் என்று நான் சம்பந்தியிடம் சொல்லிவைத்தேன். காசு கட்டிப் பிடிக்கும் குளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்தின் என்ற கெளுத்தி மீன் பிடிப்பதைத்தான் அப்படிச் சொன்னேன். தானும் ஆழ்கடலில் பிடித்தவன் என்றார் அவர். படகில் ஏறியது முதல் இறங்கும்வரை வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தார் என்று பின்னால் அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னார்.

இந்த மீனுக்குப் புழுவும் ஈயக்குண்டும் உதவாது. இறகில் கட்டிய பொய்ப் பூச்சியை ஆற்றின் குறுக்கே வீச வேண்டும். பூச்சிக்கு எடை கிடையாது, லைன் என்கிற தூண்டில் கயிற்றின் எடையில்தான் அது பறக்கும். அதற்கென்று இரண்டு கையாலும் பிடித்து வீசுகிற நீளமான ராட் ஒன்று உண்டு, ஸ்பே ராட் என்பார்கள். ராடுக்கும் லைனுக்கும் கனத்தைப் பொறுத்து நம்பர் உண்டு. எங்கள் வயதுக்கு லேசானதாகப் பார்ப்போம் என்று முடிவு செய்து மகனைப் போனில் கேட்டோம். "ஆறாம் நம்பர் எடுங்கப்பா, இங்க எல்லாரும் அதான் வச்சிருக்காங்க லா" என்றான். அவன் அந்த ஆற்றில் கால்கூட நனைத்ததில்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே செட் போதும் என்றார் சம்பந்தி. ராட் வாங்குவதற்கு யோசனை வேண்டும், அதை அவர் பார்த்துக்கொள்வார். லைன் வெறும் கயிறுதானே, அது என் பொறுப்பு. இந்தப் பங்கீட்டின் உள்ளர்த்தம் எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்துகொண்டேன். அவர் வாரக்கணக்காக வீடியோ பார்த்து, பதினோரு அடியில் ஓர் அழகான ஆறாம் நம்பர் ராடை வரவழைத்தார். நான் ஒரே இரவில் ஆன்லைனில் தேடி ஆறாம் நம்பர் லைன் வாங்கினேன். ஆறுக்கு ஆறு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

முதலில் பாச்சாங் திடலில் வீசிப் பார்த்தோம். லைன் புல்லில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. இந்த வீச்சுக்குத் தண்ணீர் வேண்டும், லைனின் நுனியைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால்தான் ராட் வளையும் என்று சம்பந்தி வீடியோ பார்த்துச் சொன்னார். என் குளத்துக்கே அழைத்துப் போனேன். அங்கே நிலைமை இன்னும் மோசம். அவர் முழு பலத்தோடு ராடைச் சுழற்றினார். ராட் விறைத்து நின்றது. லைன் ஈர நூடுல்ஸ் மாதிரி அவர் தோளிலும் தொப்பியிலும் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெரியவர் தன் தூண்டிலை எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனார். போகிற போக்கில், இது மீன் பிடிக்கிறதா, துணி காயப் போடுகிறதா என்று மலாயில் மரியாதையாகத்தான் கேட்டார். குளத்து முதலாளியான டவுக்கே எங்களிடம் பாதிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, கூட்டமில்லாத நாளாகப் பார்த்து வரச் சொன்னார்.

காரில் வரும்போது சண்டை ஆரம்பித்தது. லைன் மலிவுச் சரக்காக இருக்கும் என்றார் அவர். ராட் விறகுக்கட்டை என்றேன் நான். கல்யாணத்தில்கூட நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டதில்லை.

"உங்கட பக்கத்தில எல்லாத்தையும் அவசரத்தில செய்யிறியள், சம்பந்தி."

"உங்க பக்கத்துல யோசிச்சு யோசிச்சே பொழுது போயிடுது, சம்பந்தி."

அதன்பின் கொஞ்ச நாள் பேச்சு நின்றது. கோயிலில் பார்த்தால் அவர் நவக்கிரகத்தைச் சுற்றினார், நான் பிரசாதம் கொடுக்கும் இடத்துக்குப் போனேன். மனைவிமார் மட்டும் வழக்கம்போல் ஒன்றாக பாசாருக்குப் போய்வந்து, எங்களைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் எங்கள் நாலு பேரையும் என் வீட்டில் உட்காரவைத்து வீடியோ காலில் வந்தது மருமகள், அதாவது அவருடைய மகள்.

"அப்பா, மாமா, ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்கோ" என்று ஆரம்பித்தாள். "ஒரு கை ராடுக்கு ஆறு வேற, ரெண்டு கை ராடுக்கு ஆறு வேற. மாமா வாங்கினது ஒரு கை ராடுக்கான லைன். இந்த ராடுக்கு வேண்டிய எடையில பாதிகூட இல்ல. எடை இல்லாட்டி ராட் எப்படி வளையும்? நம்பரை விடுங்கோ. நானூறு கிரெய்ன் லைன் வாங்குங்கோ."

நானூறு கிரெய்ன் என்பது ஏதோ பெரிய பாரமில்லை, இருபத்தாறு கிராம்தான் என்று விளக்கினாள். அவர்கள் ஆறு சிறியது, முதுகுக்குப் பின்னால் மரங்கள். அதனால் எடை முழுவதும் முன்பக்கத்தில் கட்டையாகச் சேர்ந்திருக்கும் லைன்தான் சரி, நீளமான லைனுக்கு அங்கே இடமில்லை. ராட் நல்ல ராட், அதைக் குறை சொல்லாதீர்கள் மாமா என்றும் சொன்னாள். சம்பந்தியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். அங்கே போன முதல் வருடத்திலிருந்து ஸ்டீல்ஹெட் பிடிப்பது அவள்தான். மகன் அனுப்பி, நாங்கள் ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட மீன் படங்கள் எல்லாம் அவளுடைய மீன்கள். அவன் வேலை கரையில் காப்பி வைத்துக்கொண்டு நிற்பது.

"இதை ஏன் முதலே சொல்லேல்ல?"

"நீங்கள் என்னைக் கேக்கேல்லையே, அப்பா."

என் மனைவி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. சிரிக்கப் போயிருந்தாள்.

புது லைன் வந்ததும், கூட்டமில்லாத நாளாகப் பார்த்தே குளத்துக்குப் போனோம். சம்பந்தி ராடை முதலில் என்னிடம் கொடுத்தார். மெதுவாகத் தூக்கி, பக்கவாட்டில் கொண்டுவந்து, முன்னால் தள்ளினேன். ராட் அடியோடு வளைந்ததைக் கைகளில் உணர்ந்தேன். லைன் முழுவதும் விரிந்து எதிர்க்கரை ஓரம் போய் விழுந்தது. நாற்பது வருடம் யந்திரங்களோடு கிடந்தவன் நான், இருந்தும் அப்படி ஒரு பொருள் என் சொல் கேட்டதில்லை. சம்பந்தி "வடிவா இருக்கு" என்றார். அன்று இருட்டும்வரை மாறி மாறி வீசினோம். பூச்சியில் தூண்டில் முள்ளே கட்டவில்லை என்பது போகும்போதுதான் தெரிந்தது.

கனடாவில் அந்த ஆற்றின் குளிரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன்: இடுப்புக்குக் கீழே எனக்கு உடம்பு இருக்கிறது என்பதை நம்பிக்கையின் பேரில்தான் ஏற்றுக்கொண்டேன். நாள்தோறும் நின்றோம். ஒன்றும் கடிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை சம்பந்தி வீசி முடித்து, லைன் ஓட்டத்தோடு போய்க் கீழே தொங்கிக்கொண்டிருக்க, சைவர்கள் வெள்ளிக்கிழமையில் மீன் பிடிக்கலாமா என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பிடித்துவிட்டு உண்ணாமல் விட்டால் பாவமில்லை என்பது அவர் கட்சி. மீனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும் என்றேன். அப்போது ராட் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி வளைந்தது.

"சம்பந்தி, பிடியுங்கோ!"

பிடித்தேன். அவரும் விடவில்லை. இரண்டு கை ராடில் நாலு கைகள். லைன் சுற்றிய ரீல் அலறியது. மருமகள் கரையிலிருந்து ராடை நிமிர்த்தச் சொல்லிக் கத்தினாள், யாருக்குச் சொல்கிறாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் அது ஆழமில்லாத இடத்துக்கு வந்தது. வெள்ளி உடம்பு, விலாவில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. சம்பந்தி தொட்டுப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். குளிர் என்று சொல்லிக்கொண்டோம். பண்ணைக் குஞ்சு இல்லை, இயற்கையாகப் பிறந்த மீன், வைத்துக்கொள்ள அனுமதியில்லை என்று மருமகள் முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டாள்.

"வுடுறதுக்கா இம்மாந் தூரம் வந்தீங்க?" என்றாள் என் மனைவி. மலாக்காவிலிருந்து மீன் குழம்புத் தூள் கட்டிக்கொண்டு வந்தவள். சாயங்காலம் கடையில் சால்மன் வாங்கிவந்து குழம்பு வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மீன் தொடாத சம்பந்திக்குத் தனியாகப் பருப்பும் இருந்தது. அவர் குழம்புப் பாத்திரத்தைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், விரல் விட்டு ஏதோ எண்ணினார்.

"மலாக்காவில இப்ப சனிக்கிழமை விடிஞ்சிருக்கும்" என்று தட்டை நீட்டினார்.